பெயர் சொல்லாமல் கூப்பிட்டவள்

பேருந்து நிலையத்து அறிவிப்புக்காரி விளையாட்டு மைதானத்து ஒலிபெருக்கியில் யாரைக் கூப்பிட்டாலும், அந்த ஆள் எந்த மூலையில் இருந்தாலும், அவர் காதில் அது விழுந்தது. முதல் தடவை குரல் எழுபது கிலோமீட்டர் போயிற்று. இரண்டாவது வாரத்தில் அளப்பதையே விட்டுவிட்டார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. கூப்பிடப்பட்டவருக்கு மட்டும் காதோடு காதாக, லேசான கரகரப்போடு, அறிவிப்புக்கு முன்னால் அடிக்கும் 'டிங் டாங்' மணியும் சேர்ந்தே கேட்கும். மைதானத்தில் அப்படி ஒரு மணி கிடையாது. அது கலவரத்தின் முதல் நாளிலேயே பேருந்து நிலையத்தோடு எரிந்துபோயிருந்தது.

கலவரம் மேட்டுப்பக்கத்தாருக்கும் ஆற்றுப்பக்கத்தாருக்கும் நடந்தது. எதனால் தொடங்கியது என்பதற்கு ஊரில் நான்கு காரணங்கள் சொன்னார்கள், நான்கும் வெவ்வேறு கிழமைகளில் நடந்தவை. ஆளைப் பார்த்தால் யார் எந்தப் பக்கம் என்று தெரியாது, பெயரைக் கேட்டால் தெரிந்துவிடும். அதனால் அந்தப் பதினோரு நாட்களில் ஊரில் மிக ஆபத்தான பொருளாக இருந்தது பெயர்தான். தெருமுனையில் நின்று பெயர் கேட்டார்கள், பதிலைப் பொறுத்து வீடுகள் எரிந்தன. பாலத்தைத் தாண்டி ஓடிவந்தவர்களுக்கு நிவாரண அமைப்பு ஒன்று விளையாட்டு மைதானத்தைத் திறந்துவிட்டது. நாலாயிரம் பேர் உட்காரும் இடத்தில் பதினாலாயிரம் பேர் படுத்தார்கள். பார்வையாளர் படிகளில் குடும்பத்துக்கு ஒரு படி, கோல் கம்பத்துக்குள் மருத்துவமனை, வீரர்கள் உடைமாற்றும் அறையில் சமையல். முகாமின் பொறுப்பாளர் எந்நேரமும் படிவங்கள் செருகிய அட்டை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு அலைந்ததால், சேர்ந்த அன்று மாலைக்குள் அவர் பெயர் அட்டைக்காரர் என்றாகிவிட்டது.

அறிவிப்புக்காரி பத்தொன்பது வருடம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வண்டிகளை வரவேற்று வழியனுப்பியவள். அவள் கணவன் பதினேழாம் எண் பேருந்தின் ஓட்டுநர். நிலையம் எரிந்த அன்று அவளை மைதானத்து வாசலில் இறக்கிவிட்டு, "இன்னும் ஒரு நடை போயிட்டு வந்துடறேன், அங்கே ஆளுங்க நிக்கிறாங்க" என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அந்த நடை முடியவில்லை. அவளுக்கு ஒதுக்கிய படியில் இன்னொரு பெண் ஏற்கெனவே போர்வை விரித்து உட்கார்ந்திருந்தாள். பார்த்தால் நாத்தனார், கணவனின் தங்கை. நீதிமன்ற வாசலில் ஊராருக்கு மனு தட்டச்சு செய்து கொடுப்பவள். மாமியார் விட்டுப்போன தையல் மெஷின் யாருக்கு என்ற தகராறில் இருவரும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை.

"மெஷின் எரிஞ்சுபோச்சு" என்றாள் அறிவிப்புக்காரி.

"அப்போ நாம பேசலாம் அண்ணி" என்று சொல்லி, தட்டச்சுக்காரி போர்வையில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள்.

முதல் அழைப்பு ஆறு வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்காக. பாலத்து நெரிசலில் கைநழுவிய குழந்தை, வாயைத் திறந்தால் அழுகையைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அதற்கு முந்தின நாள்தான் ஒரு பையனின் பெயரை வாசலில் யாரோ உரக்கப் படிக்க, அடுத்த நிமிடம் நாலு பேர் அந்தப் பையனைப் போட்டு அடித்திருந்தார்கள். அதனால் அறிவிப்புக்காரி குழந்தையிடம் பெயரே கேட்கவில்லை. மேலும் கீழும் நன்றாகப் பார்த்தாள். பந்தயங்களுக்கு ஸ்கோர் சொல்ல வைத்திருந்த மைக்கைத் தட்டினாள். பழைய குரல் தானாகவே தொண்டைக்கு வந்தது. "அன்பார்ந்த பயணிகளின் கவனத்திற்கு. பச்சைப் பூப்போட்ட சட்டை அணிந்த, கீழ்வரிசையில் ஒரு பல் ஆடிக்கொண்டிருக்கும் பெண்குழந்தையின் தாயார், எங்கிருந்தாலும் விளையாட்டு மைதானத்திற்கு வரவும். குழந்தை பத்திரமாக இருக்கிறது."

எழுபது கிலோமீட்டர் தள்ளி, நூற்பாலை ஒன்றில் போட்டிருந்த வேறொரு முகாமில், ஒரு பெண் தேநீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். குவளையைக் கீழே வைத்தாள், வாசலைப் பார்த்து நடந்தாள். காய்கறி லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். மறுநாள் மதியம் அவள் மைதானத்து வாசலில் வந்து நின்று கேட்ட முதல் கேள்வி, "பல் விழுந்துடுச்சா?" என்பதுதான். விழவில்லை. அவள் மடியில் உட்கார்ந்த பிறகுதான் விழுந்தது. முகாமே கைதட்டியது. பாலத்தைத் தாண்டி வந்தபின் பதினாலாயிரம் பேரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

அன்று மாலைக்குள் மைக் இருந்த மேடையைச் சுற்றி வரிசை இரண்டு முறை வளைந்தது. யாருக்கும் சோற்று வரிசையில் நிற்கும் நினைப்பே இல்லை. ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் அழுதார்கள், பேசினார்கள், சத்தியம் செய்தார்கள். தட்டச்சுக்காரிக்கு இது பழகிய தொழில். முப்பது நிமிட அழுகையை மூன்று வரி மனுவாக்கிச் சோறு தின்றவள் அவள். "அழுங்க, ஆனா அடையாளம் மட்டும் சொல்லிக்கிட்டே அழுங்க" என்பாள். பழைய பால்பொடிப் பெட்டிகளைக் கிழித்துச் சீட்டு எழுதினாள். 'உப்பு குறைந்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்துபோகும் கணவர்.' 'தூக்கத்தில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லும் தம்பி.' 'பாலத்தில் ஒரு செருப்பை விட்டுவிட்டு மற்றொரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடிய அக்கா.' அறிவிப்புக்காரி நாளொன்றுக்கு இருநூறு சீட்டு படித்தாள். அடுத்த நாளிலிருந்தே சாலை நிரம்பிவிட்டது. ஆட்கள் மாட்டுவண்டியில் வந்தார்கள், சைக்கிளில் மூன்று பேராக வந்தார்கள், ஒருவர் முதுகில் இன்னொருவர் வந்தார்கள். செருப்புக்கார அக்கா அந்த ஒற்றைச் செருப்போடுதான் வந்தாள். முகாம்வாசிகள் காலையில் எழுந்ததும் பல் விளக்காமல் வாசலுக்கு ஓடினார்கள், இன்றைக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்க. ஓட்டப்பந்தயச் சுற்றுப்பாதை நாள் முழுதும் ஓடும் கால்களால் அதிர்ந்துகொண்டே இருந்தது. கட்டிப்பிடித்துக் கீழே விழுந்து கைகால் பிசகியவர்களுக்காகவே மருத்துவர் தனி வரிசை போட வேண்டிவந்தது.

அட்டைக்காரர் தலைமை அலுவலகத்துக்கு விவரம் அனுப்பினார். எந்த வகை ஒலிபெருக்கி என்று கேட்டுப் பதில் வந்தது. எழுதி அனுப்பினார். அதே வகையில் பன்னிரண்டு வாங்கி மற்ற முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவை வெறுமனே சத்தம் போட்டன. பிறகு தலைமை அலுவலகம் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டு, கூடுதல் போர்வை அனுப்பியது. அதுதான் உண்மையில் தேவைப்பட்டது.

தொல்லை மரக்கடைக்காரரிடமிருந்து வந்தது. கெட்டவர் இல்லை. கடை எரியும்போது உள்ளே போய்க் கணக்குப்பிள்ளையைத் தூக்கிவந்து முதுகெல்லாம் வெந்துபோனவர். அந்தப் புண்ணோடேயே முகாமில் ஒழுங்குக் குழு ஒன்று சேர்த்து, தண்ணீர் வரிசையைச் சண்டையில்லாமல் நடத்தியவர். முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மேட்டுப்பக்கத்தார், அவரும் அப்படியே. ஆறாம் நாள் முப்பது பேரோடு மேடைக்கு வந்தார்.

"நீ கூப்பிடற ஆளுங்க யாரு எவருன்னு தெரியல. பேரைச் சொல்லிக் கூப்பிடும்மா. நம்மாளா இல்லையான்னு தெரிய வேணாமா?"

"பேரைச் சொன்னா வர்ற வழியிலேயே ஆளை முடிச்சுடுவாங்க அண்ணே."

"அந்தப் பக்கத்து ஆளு எவனாச்சும் உன் குரலைக் கேட்டு உள்ளே வந்துட்டா?"

"என் கூண்டுக்கு முன்னாலே பத்தொன்பது வருஷமா ரெண்டு பக்கமும்தான் வண்டி ஏறினாங்க. டிக்கெட் இருக்கான்னுதான் பார்த்தோம்" என்றாள் அவள்.

அவர் நேரே வாசலுக்குப் போனார். அறுக்காத பெரிய மரத்தடி ஒன்றை அங்கே குறுக்கே போட்டு, வருகிறவர்களிடம் பெயர் கேட்க ஆள் நிறுத்தினார். அட்டைக்காரர் கெஞ்சினார், விதிகளைப் படித்துக் காட்டினார், படிவத்தை முகத்துக்கு நேரே நீட்டினார். தடி நகரவில்லை. இரண்டு நாளில் பதினோரு பேரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களைக் கூப்பிட்டவர்கள் உள்ளே கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அட்டைக்காரர் திருப்பப்பட்டவர்களுக்காகச் சாலைக்கு அந்தப் புறம் அவசரமாக ஒரு கூடாரம் அடித்தார். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் வேலிக்கு வந்து, இரண்டு பக்கமும் கைகள் கோத்தபடி சாப்பிட்டார்கள்.

இதற்கிடையில் அறிவிப்புக்காரியும் தினமும் தனக்கென்று ஒரு சீட்டு படித்தாள், கடைசிச் சீட்டாக. 'வலது முன்கை வெயில் பட்டுக் கருத்த, இடது முன்கை வெளுத்த ஓட்டுநர், எங்கிருந்தாலும் வரவும்.' முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்து சேர்ந்தார்கள். அவன் வரவில்லை. எட்டாம் நாள் அவள் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு மைக்கை அணைக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சு விடுவது மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. தட்டச்சுக்காரி மேடையேறி மைக்கை அணைத்தாள்.

"போயிட்டாரோன்னு தோணுது" என்றாள் அறிவிப்புக்காரி.

"என் அண்ணனை எனக்குத் தெரியாதா? அவன் காதுல விழுந்திருக்கும். விழுந்தும் வரலைன்னா வண்டியிலே ஆளுங்க இருக்காங்கன்னு அர்த்தம். பாதி வழியிலே பயணியை விட்டுட்டு வருவானா அவன்? கல்யாணத்தன்னைக்கே ஒரு நடை முடிச்சுட்டுத்தானே வந்தான்!"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"அவனைக் கூப்பிடாதீங்க அண்ணி. வண்டியைக் கூப்பிடுங்க."

தட்டச்சுக்காரி ஊகித்தது சரிதான். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, வேலை நின்றுபோன கல்குவாரி ஒன்றில் பதினேழாம் எண் பேருந்து நின்றுகொண்டிருந்தது. டீசல் சுத்தமாகத் தீர்ந்திருந்தது, இரண்டு டயர்கள் தரையோடு ஒட்டியிருந்தன. உள்ளே அறுபத்து மூன்று பேர். அவசரத்தில் ஏறியவர்கள் என்பதால் மேட்டுப்பக்கத்தாரும் ஆற்றுப்பக்கத்தாரும் கலந்திருந்தார்கள். வழியெங்கும் இரண்டு பக்கத்தாரும் காவல் நின்றதால் எந்தப் பக்கம் போனாலும் பாதிப் பேருக்கு ஆபத்து. ஓட்டுநருக்கு மனைவியின் குரல் தினமும் கேட்டது. கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்பான், வண்டியைத் திரும்பிப் பார்ப்பான், மறுபடி உட்கார்ந்துகொள்வான். குவாரிக் குட்டையில் தண்ணீர் இருந்தது. ஒரு மூட்டை பட்டாணியை எண்ணி எண்ணித் தின்று எட்டு நாள் ஓட்டியிருந்தார்கள். அதுவும் அன்று காலை தீர்ந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு அறிவிப்புக்காரி முகத்தைக் கழுவி, தலைவாரி, கூண்டில் உட்காருவதுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பதினேழாம் எண் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் விளையாட்டு மைதானம் நோக்கிப் புறப்படுகிறது. பயணிகள் அனைவரும் தத்தம் இருக்கைகளில் அமருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

குவாரியில் ஓட்டுநரோடு சேர்த்து அறுபத்து நான்கு பேர் காதிலும் 'டிங் டாங்' அடித்தது. ஒரு காது மட்டும் கேளாத ஒருவரும் இருந்தார், அவருக்குக் கேளாத காதில் கேட்டது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை, எழுந்து போய் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் சாவியைத் திருப்பக் கையை நீட்டுவதற்கு முன்பே என்ஜின் உறுமியது. பெட்ரோல் பங்க் வாசல்களைத் தாண்டும்போது பழக்கதோஷத்தில் எண்ணெய் முள்ளைப் பார்த்தான், அது பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. வண்டி அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் காவலில் பத்துப் பேர் கட்டைகளோடு ஓடிவந்தார்கள். வண்டி எங்கே நிற்கவேண்டும் எங்கே நிற்கக்கூடாது என்பது அறிவிப்பில் சொல்லப்படவில்லை என்பதால் அது நிற்கவே இல்லை. கட்டைகளைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்று, வண்டி போனபின் தோள்வலி என்று உட்கார்ந்தார்கள்.

மதியம் ஒன்றரை மணிக்கு மைதானத்தின் மேல்படியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள்தான் முதலில் பார்த்தாள். "வண்டி! வண்டி!" என்ற கத்தல் படிப்படியாக இறங்கித் தரைக்கு வருவதற்குள் கூட்டம் வேலிக்குப் போய்விட்டது. சமையல்காரர்கள் கரண்டியோடு ஓடிவந்தார்கள். கோல் கம்பத்து மருத்துவமனையிலிருந்து குளுக்கோஸ் பாட்டிலைத் தானே உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். பேருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு, தட்டையான டயர்கள் தடதடக்க, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்து, குறுக்கே கிடந்த தடிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

மரக்கடைக்காரர் தடியின் மேல் ஏறி நின்றிருந்தார். பின்னால் முப்பது பேர். ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நம்மாளுங்க மட்டும் இறங்குங்க. மத்தவங்க அப்படியே திரும்பிப் போகட்டும்."

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினான். ஒன்பது நாள் தாடி. "பயணியைப் பாதி வழியிலே இறக்கிவிடற வழக்கம் எனக்கு இல்லீங்க. வழி விடுங்க."

"முடியாது."

"அப்போ நானும் இங்கேயே நிக்கிறேன். எனக்கு அவசரமில்லே." பேருந்துக்குள் யாரோ ஒரு பெண் மயங்கிச் சாய்ந்தாள். முப்பது பேரில் சிலர் கல் பொறுக்கக் குனிந்தார்கள். வேலிக்கு உள்ளிருந்தவர்கள் வேலியைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தார்கள்.

அறிவிப்புக்காரி வாசலை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தாள். பாதியில் கணவனின் முகம் தெரிந்தது. நின்றாள். பிறகு திரும்பி, வந்த வழியே மேடைக்கு ஓடினாள். பதினாலாயிரம் பேரைப் பிளந்துகொண்டு ஓடினாள், தட்டச்சுக்காரி முன்னால் முழங்கையால் வழி செய்துகொண்டே போனாள். மைக்கைப் பிடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. இத்தனை நாளாகப் படித்துப் படித்துத் தொண்டை புண்ணாகியிருந்தது. ஆனாலும் அவள் கத்தவில்லை. வழக்கமான குரலில், மழைநாளில் தாமத வண்டியைச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"பதினேழாம் எண் பேருந்து நிலையத்திற்குள் வருகிறது. வழியில் நிற்பவர்கள் ஒதுங்கி நிற்கவும்."

அந்த ஒரு அறிவிப்பு மட்டும் எல்லாருக்கும் காதோடு காதாகக் கேட்டது. அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஊரில் வாழ்ந்த எவனும் அந்தக் குரலுக்கு ஒதுங்காமல் இருந்ததில்லை. கால்கள் தலையைக் கேட்காமல் நகர்ந்தன. கல் பொறுக்கியவர்கள் கல்லைக் கீழே போட்டுவிட்டு ஓரமாகப் போய், வரிசையாக நின்றார்கள். மரத்தடியைத் தூக்கியவர்களில் மரக்கடைக்காரரும் ஒருவர். தூக்கி வைத்தபிறகுதான் தான் என்ன செய்தோம் என்று கையைப் பார்த்தார். பேருந்து உள்ளே நுழைந்து, ஓட்டப்பந்தயக் கோட்டில் ஒரு சுற்று முழுதாகச் சுற்றி, மேடைக்கு முன்னால் நின்றதும் என்ஜின் அணைந்தது. அதற்குப் பிறகு அது ஒருபோதும் கிளம்பவில்லை. எழுந்த கூச்சலில் மைதானத்து மின்விளக்குகள் நான்கு பட்டப்பகலில் தானாக எரிந்தன. அறுபத்து மூன்று பேரும் இறங்கினார்கள். சோறு தட்டில் விழுந்தது, யாரும் பெயர் கேட்கவில்லை.

ஓட்டுநர் கடைசியாக இறங்கி மேடையருகே வந்தான். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றான்.

அறிவிப்புக்காரி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தலையை அவன் நெஞ்சில் முட்டி முட்டி அழுதாள்.

"அண்ணி உன்னைத் திட்டணும்னு பார்க்கறாங்க, குரல் இல்லே" என்றாள் தட்டச்சுக்காரி, தானும் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அவங்களுக்குப் பதிலா நான் திட்டட்டுமா?"

மரக்கடைக்காரர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. தன் கால்கள்மேல் கோபமாக இருந்தார் என்று சொல்கிறார்கள். மூன்றாம் நாள் தட்டச்சுக்காரியின் வரிசையில் கடைசி ஆளாக நின்றார். முறை வந்ததும் குனிந்து மெல்லச் சொன்னார். "கடையிலே என்னோட கூட்டாளி. முப்பது வருஷம். அந்தப் பக்கத்து ஆளு. எங்கே இருக்கான்னு தெரியலம்மா." அடையாளம் கேட்டாள். "தேக்கை மோந்து பார்த்தே வயசு சொல்லுவான்" என்றார். அறிவிப்புக்காரிக்குக் குரல் திரும்ப ஐந்து நாளாயிற்று. அதுவரை அவர் மேடைப் படியிலேயே உட்கார்ந்து அவளுக்கு வெந்நீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டாளி வந்தபோது இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. தடியாகக் கிடந்த அந்த மரத்தைச் சுற்றி நடந்து, எந்த மரம், என்ன விலை போகும் என்று சாயங்காலம்வரை வாதாடினார்கள். பிறகு அதை அறுத்து முகாமுக்குப் பதினாறு பெஞ்சு செய்தார்கள்.

பதினான்கு மாதம் கழித்து ஊர் முழுதாக அடங்கியது. கூரை போடப் பணம் வந்தது, தகரம் வந்தது, ஆட்கள் பாலத்தைத் தாண்டித் திரும்பிப் போனார்கள். அட்டைக்காரர் கடைசி அறிக்கையில் குடும்பங்களைச் சேர்த்துவைத்த முறை என்ற இடத்தில் 'குரல்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அடுத்த கலவரம் நடந்த நாட்டுக்குப் போய்விட்டார். இரண்டாயிரத்து நானூறு சொச்சம் சீட்டுகளுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளுக்கு வரவில்லை. புதிய பேருந்து நிலையம் திறந்தபோது அறிவிப்புக்காரி அந்தச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கூண்டுக்குள் வைத்துக்கொண்டாள். தினமும் மாலை நான்கு மணிக்கு வண்டி அறிவிப்புகளுக்கு நடுவே ஐந்து சீட்டுகளைப் படித்தாள். நிலைய மேலாளர் ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஓட்டுநர்கள் தாங்களாகவே என்ஜினை அணைத்துவிடுவார்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் வந்தார்கள்.

ஒன்பதாவது வருடத்தில் ஒரு நாள், நான்கு மணி முடிந்த சற்று நேரத்துக்கெல்லாம், கூண்டின் கண்ணாடியை ஒருவர் விரலால் தட்டினார். நரைத்த தலை, கால்சட்டையின் ஓரங்களில் முழங்கால்வரை உப்புப் பூத்திருந்தது. கலவரத்தின்போது கப்பலில் கூலியாக ஏற்றிக்கொண்டு போனார்களாம், கடலுக்கு அந்தக் கரையில் இறக்கிவிட்டார்களாம்.

"கூப்பிட்டீங்க. கேட்ட அன்னைக்கே கிளம்பிட்டேன். நடந்து வர இவ்வளவு நாளாயிடுச்சு" என்றார்.

கடலை எப்படிக் கடந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அறிவிப்புக்காரி டப்பாவில் தேடி ஒரு சீட்டை எடுத்தாள். "வலது காதுக்குப் பின்னாலே மச்சம்?" அவர் திரும்பிக் காட்டினார். "சைக்கிள் பஞ்சர் ஒட்டும்போது விசில் அடிப்பீங்களா?" அவர் விசில் அடித்தார். முழுப் பாட்டையும் அடித்தார். அவள் பாதியில் நிறுத்தவில்லை.

"உக்காருங்க அண்ணே. தண்ணி குடிங்க" என்றாள். மைக்கைப் போட்டாள். "சைக்கிள் பழுதுபார்ப்பவரின் ஒரே மகள், மூன்றாம் நடைமேடைக்கு உடனே வரவும். உங்கள் அப்பா வந்திருக்கிறார்."

நான்கு தெரு தள்ளி ஒரு வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. நாலு பத்து வண்டி அன்று ஆறு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. யாரும் புகார் சொல்லவில்லை.